பசித்தவன் திருடலாம்; குண்டு வைப்பவன் யார்?

வாசகர் கேள்வி – பதில்: இந்த வாரம் வறுமை, ஏற்றத்தாழ்வு, குற்றம்

“வறுமைதான் எல்லாக் குற்றத்துக்கும் தாய்” என்று பள்ளிப் பேச்சுப் போட்டி முதல் அரசியல் மேடை வரை கேட்டுக்கொண்டே இருக்கிறோம். எங்கள் தெருவில் இருப்பவர்கள் எல்லாரும் கூலி வேலைக்காரர்கள். யாரும் திருடியதில்லை. எது உண்மை?
– கரூர் வாசகர்

உங்கள் தெரு சொல்வதை முதலில் நம்புங்கள். உலகம் முழுவதும் ஏழைகளில் மிகப் பெரும்பாலோர் எந்தக் குற்றமும் செய்யாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். இதை மறந்துவிட்டுப் பேசும் எந்த வாதமும் ஏழைகளை அவமதிப்பதில்தான் போய் முடியும்.

அடுத்து, ‘குற்றம்’ என்று மொத்தமாகப் பேசினால் எதுவும் விளங்காது. திருட்டு வேறு, கொலை வேறு, வரதட்சணைக் கொடுமை வேறு, வங்கி மோசடி வேறு. வறுமைக்கும் இவற்றுக்கும் உள்ள உறவு ஒவ்வொன்றிலும் மாறுகிறது.

இதற்கு 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியின் பவேரியாவில் நல்ல சான்று இருக்கிறது. அங்கே ஏழைகளின் அன்றாட உணவு ரை என்ற தானியத்தில் சுட்ட ரொட்டி. மழை அளவுக்கு மீறிப் பெய்தால் விளைச்சல் கெட்டு ரை விலை ஏறும். விலை ஏறிய ஆண்டுகளில் திருட்டு வழக்குகளும் ஏறின. அதே ஆண்டுகளில் அடிதடி போன்ற வன்முறை வழக்குகள் குறைந்தன. தானியம் விலை ஏறியபோது பீரும் விலை ஏறியது, அதனால் குடியும் குடித்துவிட்டுப் போடும் சண்டையும் குறைந்தன என்பது இந்தப் பதிவேடுகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள் தரும் விளக்கம். ஒரே பஞ்சம் ஒரு குற்றத்தை ஏற்றியது, இன்னொன்றை இறக்கியது.

நம் நாட்டுக்கு வருவோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022இல் இந்தியாவில் பதிவான கொலை வழக்குகள் 28,522. இவற்றில் பணம், பொருள் ஆதாயத்துக்காக நடந்தவை 1,884. நூற்றுக்கு ஏழுகூட இல்லை. ‘தகராறு’ என்ற தலைப்பின் கீழ் வருபவை 9,962. நிலத் தகராறு, குடும்பத் தகராறு, வாய்க்கால் தண்ணீர்த் தகராறு எல்லாம் இதில் அடங்கும். முன்விரோதம் 3,761. ஆக, பசி தாங்காமல் கொலை செய்தான் என்பது சினிமாவில் நடப்பதைவிட நிஜத்தில் மிகக் குறைவு.

பணமுடைக்கும் திருட்டுக்கும் தொடர்பு உண்டு என்பதில் சந்தேகம் வேண்டாம். அமெரிக்காவில் 12 நகரங்களில் ஒரு ஒப்பீடு செய்தார்கள். அரசு உதவித்தொகை மாதத் தொடக்கத்தில் மொத்தமாக வந்துவிடும் ஊர்களில், மாதக் கடைசியில் திருட்டும் வழிப்பறியும் ஏறின. தொகையைப் பல தேதிகளில் பிரித்துக் கொடுத்த ஊர்களில் இந்த ஏற்ற இறக்கம் இல்லை. பணத்தோடு தொடர்பில்லாத குற்றங்களிலும் இல்லை. இருபதாம் தேதிக்கு மேல் பர்ஸ் காலியாகும் எந்தக் குடும்பத்துக்கும் இது புரியும்.

இதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு சான்று. ஸ்வீடனில் 1989 முதல் 1993 வரை பிறந்த 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பின்தொடர்ந்தார்கள். வருமானத்தில் கடைசிப் படியில் இருந்த வீட்டுப் பிள்ளைகள் வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெறும் வாய்ப்பு, மேல்படியில் இருந்தவர்களைவிட ஏழு மடங்கு வரை இருந்தது. அப்போது வறுமைதானே காரணம் என்று தோன்றும். ஆனால் ஒரே வீட்டில், குடும்பம் கஷ்டப்பட்ட காலத்தில் வளர்ந்த அண்ணனையும் வசதி வந்தபின் வளர்ந்த தம்பியையும் ஒப்பிட்டபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. பணம் அல்லாத ஏதோ ஒன்று அந்த வீடுகளில் வேலை செய்திருக்கிறது. ஆனால் ஸ்வீடனில் ஏழை என்றாலும் சோறும் பள்ளியும் மருத்துவமும் உறுதி. பட்டினி என்ற நிலையே இல்லாத ஊரின் முடிவை அப்படியே நம் ஊருக்குத் தூக்கி வரக் கூடாது.

வேலையில்லாத் திண்டாட்டம் கூடினால் குற்றம் கூடும்தானே?
– சேலம் வாசகர்

கூடியே தீரும் என்றில்லை. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பின் அமெரிக்காவில் வேலையின்மை 2009 அக்டோபரில் 10 விழுக்காட்டைத் தொட்டது. எல்லாரும் குற்ற அலை வரும் என்று காத்திருந்தார்கள். குற்றம் தொடர்ந்து குறைந்தது. வேலை போன நடுத்தர வயதுக்காரர் கத்தி தூக்குவதில்லை. குற்றம் பெரும்பாலும் 15 முதல் 25 வயது ஆண்களின் விவகாரம். அந்த வயதில் பள்ளியும் இல்லாமல் வேலையும் இல்லாமல், மாலையில் போய் நிற்க ஒரு தெருமுனை மட்டும் இருப்பவர்களைத்தான் கவனிக்க வேண்டும்.

கேரளாவில் படிப்பும் வருமானமும் அதிகம். ஆனால் குற்ற விகிதத்தில் பீகாரைவிட மேலே இருக்கிறதே?
– நாகர்கோவில் வாசகர்

அது பதிவான வழக்குகளின் விகிதம். காவல் நிலையத்துக்குப் போக அஞ்சாத மக்களும், வாங்கிய புகாருக்கு எஃப்.ஐ.ஆர். போடும் காவலரும் உள்ள மாநிலத்தில் எண்ணிக்கை ஏறும். ஏழைப் பெண் போய் நின்றால் “சமாதானமாகப் போ” என்று அனுப்பிவிடும் இடத்தில் எண்ணிக்கை அழகாக இருக்கும். மாநிலங்களை ஒப்பிட வேண்டுமென்றால் கொலை எண்ணிக்கையைப் பாருங்கள். பிணத்தை மறைப்பது கடினம் என்பதால் அது ஓரளவு நம்பத் தகுந்தது.

அப்படியானால் தீவிரவாதம்? இளைஞர்களுக்கு வேலை கொடுத்துவிட்டால் குண்டுவெடிப்பு நின்றுவிடும் என்று தலைவர்கள் சொல்கிறார்களே.
– மட்டக்களப்பு வாசகர்

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வருவதன் கனம் எங்களுக்குத் தெரியும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பின் சீயோன் தேவாலயத்திலும் கொழும்பு, நீர்கொழும்பிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொழும்பின் இரண்டு சொகுசு விடுதிகளில் குண்டை வெடிக்கச் செய்தவர்களில் இருவர் ஒரு பெரும் மசாலா வணிகரின் பிள்ளைகள். அவர்களில் ஒருவர் செப்புத் தொழிற்சாலை வைத்திருந்தவர். குழுவில் இன்னொருவர் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் படித்தவர். இவர்களுக்கு எந்த வேலையைக் கொடுத்துத் தடுத்திருக்க முடியும்?

இது விதிவிலக்கும் அல்ல. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் விமானங்களைக் கடத்திய 19 பேரில் 15 பேர் எண்ணெய் வளமுள்ள சவுதி அரேபியர்கள். தலைமை தாங்கிய முகமது அட்டா கெய்ரோவில் கட்டடக் கலையும், ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் நகரத் திட்டமிடலும் படித்தவர். அல் காய்தா தலைவர் பின்லேடன் பெரும் கட்டுமான நிறுவனக் குடும்பத்துப் பிள்ளை. அவருக்கு அடுத்த ஜவாஹிரி அறுவை மருத்துவர். லெபனானில் ஹிஸ்புல்லா இயக்கத்தில் இறந்த 129 பேரின் விவரங்களை ஆலன் க்ரூகர், யித்கா மாலெச்கோவா என்ற இரு ஆய்வாளர்கள் 2003இல் அலசினார்கள். ஏழைக் குடும்பத்திலிருந்து வந்தவர்கள் 28 விழுக்காடு. பொதுமக்களில் ஏழைகள் 33 விழுக்காடு. உயர்நிலைப் பள்ளி வரையோ அதற்கு மேலோ படித்தவர்கள் இயக்கத்தில் 47, பொதுமக்களில் 38.

ஏன் இப்படி? ஆளெடுப்பவன் பக்கம் நின்று யோசித்தால் விளங்கும். வெளிநாட்டில் வீடு வாடகைக்கு எடுக்க வேண்டும், விசா வாங்க வேண்டும், மாதக்கணக்கில் யாரிடமும் உளறாமல் இருக்க வேண்டும், சோதனைச் சாவடியில் பதறாமல் பேச வேண்டும். ஐந்தாறு பேர் போதும், ஆனால் அந்த ஐந்தாறு பேரும் தேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். நூறு பேர் வந்து நின்றால், படித்தவனையும் பக்குவமானவனையும்தான் பொறுக்கி எடுப்பான். அவர்கள் வந்து சேரும் வழியும் பெரும்பாலும் நட்புதான். ஹாம்பர்க்கில் மரீன்ஸ்ட்ராஸ் 54 என்ற முகவரியில் இருந்த ஒரு சாதாரண வாடகை வீட்டில் கூடிய நண்பர் கூட்டம்தான், பிறகு செப்டம்பர் 11க்குத் தலைமை தாங்கியது.

ஆயுதக் கிளர்ச்சி இதற்கு நேர்மாறு. அதற்கு ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும். காட்டில் நடக்க, சோறு சுமக்க, ஊருக்குள் தகவல் சொல்ல வேண்டும். அங்கே வறுமை நேராக உள்ளே வருகிறது. 1981 முதல் 1999 வரை 41 ஆப்பிரிக்க நாடுகளை ஆராய்ந்தவர்கள், மழை பொய்த்துப் பொருளாதார வளர்ச்சி 5 விழுக்காட்டுப் புள்ளி சரிந்தால் அடுத்த ஆண்டு உள்நாட்டுப் போர் மூளும் வாய்ப்பு ஒன்றரை மடங்காகிறது என்று கண்டார்கள். நம் நாட்டு மாவோயிஸ்ட் பகுதிகளிலும் மழை பொய்த்த ஆண்டுக்குப் பின் மோதல்கள் கூடின. 100 நாள் வேலைத் திட்டம் வந்தபின் மழைக்கும் மோதலுக்கும் இருந்த அந்தத் தொடர்பு தளர்ந்தது. அங்கே ஆதிவாசிகளின் கோபம் வெறும் காசுக்கானது அல்ல. பீடி இலைக் கட்டுக்கு ஒப்பந்தக்காரர் தரும் அற்பக் கூலி, தலைமுறையாக உழும் நிலத்துக்குப் பட்டா இல்லாமை, விறகு எடுத்தாலே வனக்காவலர் போடும் வழக்கு என்று அது நீளும். 2006 வன உரிமைச் சட்டம் தன் முகவுரையிலேயே இதை ‘வரலாற்று அநீதி’ என்று ஒப்புக்கொண்டிருக்கிறது.

ஆனால் கிளர்ச்சிக்கும் வறுமை மட்டுமே காரணம் அல்ல. இலங்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) கிளர்ச்சியில் துப்பாக்கி தூக்கியவர்கள் பட்டினி கிடந்தவர்கள் அல்ல; இலவசக் கல்வியில் படித்து முடித்துவிட்டு, வேலைக்கு ஆங்கிலமும் செல்வாக்கும் கேட்கிறார்களே என்று குமுறிய கிராமத்துச் சிங்கள இளைஞர்கள். அதே காலத்தில் பல்கலைக்கழகச் சேர்க்கையில் வந்த தரப்படுத்தல் முறையால், மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தமிழ் மாணவர் கூடுதல் மதிப்பெண் எடுக்க வேண்டியதாயிற்று. யாழ்ப்பாணம் ஏழை ஊர் அல்ல. படிப்பையே மூலதனமாக நம்பிய ஊர். 1956 சிங்களம் மட்டும் சட்டம், தரப்படுத்தல், 1981இல் நூலக எரிப்பு, 1983 ஜூலைக் கலவரம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தபோதுதான் இயக்கங்களுக்கு ஆள் சேர்ந்தது. இல்லாமையைவிட, தகுதி இருந்தும் தள்ளிவைக்கப்படுவது கொடிது. அரசு வன்முறையும் கூடச் சேர்ந்தால் நெருப்பு பற்றுகிறது. சிறுபான்மையினர் பொருளாதாரத்தில் ஒதுக்கப்படும் நாடுகளில் பயங்கரவாதம் கூடுகிறது என்று ஜேம்ஸ் பியாசா என்ற அரசியல் அறிஞர் கண்டதும் இதையே காட்டுகிறது. நாட்டின் சராசரி வறுமைக்கு அவர் அப்படி ஒரு தொடர்பைக் காணவில்லை.

இதில் ஒரு மறுபக்கமும் உண்டு. 2008 மும்பைத் தாக்குதலில் பிடிபட்ட அஜ்மல் கசாப் பாகிஸ்தான் பஞ்சாபில் ஒரு கிராமத்து ஏழை வீட்டுப் பிள்ளை, பள்ளியைப் பாதியில் விட்டுக் கூலி வேலைக்குப் போனவர். அவரை அனுப்பிய அமைப்பை நிறுவிய ஹபீஸ் சயீது லாகூரில் பல்கலைக்கழக ஆசிரியராக இருந்தவர். அனுப்புகிறவரும் அனுப்பப்படுகிறவரும் ஒரே வர்க்கத்தவர் அல்லர். சாகப் போகும் அடியாள் ஏழையாக இருக்கலாம். திட்டம் போடுகிறவர் ஏழை அல்ல. அதனால் தீவிரவாதம் தேடுகிறோம் என்று குடிசைப் பகுதிகளைச் சுற்றி வளைத்து வீடு வீடாகப் புகுவது தவறான இடத்தில் தேடுவது மட்டுமல்ல, அடுத்த தலைமுறைக்கு ஆளெடுப்பவனுக்கு நாமே செய்து கொடுக்கும் உதவி.

எங்கள் பக்கம் சில சமூகத்தாரைப் பார்த்தாலே இன்னும் “அது அவங்க ரத்தத்திலேயே இருக்கு” என்கிறார்கள். இதில் கொஞ்சமாவது உண்மை உண்டா?
– உசிலம்பட்டி வாசகர்

இல்லை. அது சட்டம் போட்டு உருவாக்கிய பொய். 1871இல் வடஇந்தியாவில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியில் பிறந்ததே குற்றம். ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும். ஊரைவிட்டுப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். இரவில் காவலில் போய்ப் படுக்க வேண்டும். மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். ரேகை வைக்க மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3 அன்று உங்கள் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் காவல்துறை சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இரவில் வீட்டில் தங்க முடியாதவன் எப்படி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவான்? சந்தைக்குப் போகச் சீட்டுக் கேட்டால் எப்படி மாடு வியாபாரம் செய்வான்? பிழைக்கும் வழிகளை அடைத்துவிட்டு, ‘பார், இவன் உழைக்கமாட்டான்’ என்று எழுதி வைத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31இலும் சட்டம் போனது. முத்திரை போகவில்லை. சிறைப் பதிவேட்டில் சாதிக்கு ஒரு கட்டம் இருந்ததையும், சாதி பார்த்து வேலை பிரித்ததையும் 2024 அக்டோபர் 3 அன்றுதான் உச்ச நீதிமன்றம் அரசமைப்புக்கு விரோதம் என்று நீக்கியது.

பணம் கொடுத்தால் திருந்துவார்களா? புத்தி சொன்னால் திருந்துவார்களா? எங்கள் தொண்டு அமைப்பு இளைஞர்களுக்காக ஏதாவது செய்ய நினைக்கிறது.
– வியாசர்பாடி வாசகர்

இரண்டையும் சேர்த்துச் செய்தால் பலன் உண்டு என்பதற்குச் சான்று மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் கிடைக்கிறது. தலைநகர் மன்ரோவியாவில் திருட்டு, போதை, கத்திச் சண்டை என்று திரிந்த 999 இளைஞர்களைக் குலுக்கல் முறையில் நான்காகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 8 வாரப் பயிற்சி. ஒரு குழுவுக்கு 200 டாலர் ரொக்கம். ஒரு குழுவுக்கு இரண்டும். கடைசிக் குழுவுக்கு எதுவும் இல்லை. பணத்தை மட்டும் வாங்கியவர்களிடமும் பயிற்சி மட்டும் பெற்றவர்களிடமும் தெரிந்த மாற்றம் ஓராண்டுக்குள் தேய்ந்துவிட்டது. இரண்டும் பெற்றவர்களிடம் பத்து ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் திருட்டும் வன்முறையும் பாதியளவு குறைந்திருந்தன.

பயிற்சி என்றால் அறிவுரைக் கூட்டம் அல்ல. சுமார் 20 பேர் கொண்ட சிறு குழு, வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம். கோபம் வரும்போது நின்று யோசிப்பதைத் திரும்பத் திரும்பப் பழகுவது. முடி வெட்டி, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு ஒரு வங்கிக்கோ பெரிய கடைக்கோ உள்ளே போய்ப் பேசிவிட்டு வருவது. அதுவரை வாசலிலேயே விரட்டப்பட்டவர்களுக்கு அந்த ஒரு நுழைவு பெரிய விஷயம். நடத்தியவர்களில் பலர் அதே வாழ்க்கையிலிருந்து மீண்டவர்கள். பயிற்சியில் புது மனிதனாக நடக்கப் பழகியவன் கையில் அந்த 200 டாலர், சில மாதம் அப்படியே வாழ்ந்து பார்க்க அவகாசம் கொடுத்தது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

சிகாகோவில் வன்முறை மிகுந்த பகுதிப் பள்ளி மாணவர்களுக்குக் கோடை விடுமுறையில் 8 வாரம், வாரம் 25 மணி நேரம் சம்பள வேலை கொடுத்ததில், அடுத்த 16 மாதங்களில் வன்முறைக்காகக் கைதாவது 43 விழுக்காடு குறைந்தது. பள்ளியில் இருக்கும்போதே பிடித்துவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒருநாள் விழிப்புணர்வு முகாம், மேடை, சான்றிதழ், புகைப்படம் என்று செலவழிக்காதீர்கள். அந்தப் பணத்தில் பத்துப் பையன்களுக்கு இரண்டு மாதச் சம்பளம் கொடுக்கலாம்.

எங்கள் தெருக் கட்டடக் கூலி ஒருவர், கம்பி திருடியதாகக் கைதானார். ஜாமீன் கிடைத்து 40 நாள் ஆகிறது. இரண்டு ஜாமீன்தாரர் கிடைக்காமல் இன்னும் உள்ளேயே இருக்கிறார். என்ன செய்யலாம்?
– திருவள்ளூர் வாசகர்

வறுமைக்கும் சிறைக்கும் உள்ள மிக நேரடியான தொடர்பு இதுதான். 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் நிரூபணமாகாமலே நான்கில் மூவர் உள்ளே இருக்கிறார்கள். ஏழைகள்தாம் அதிகம் குற்றம் செய்கிறார்கள் என்று சிறைக் கணக்கைக் காட்டிச் சொல்பவர்களுக்கு, வெளியே வரக் காசில்லாதவர்களும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். 1978இல் மோதிராம் என்ற கொத்தனாரிடம் கீழ்நீதிமன்றம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டு, அண்ணன்-தம்பி உறவில் ஒருவர் நிற்க முன்வந்தும், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, 1,000 ரூபாய் சொந்தப் பிணையில், அதாவது ஜாமீன்தாரர் இல்லாமல் அவர் கையெழுத்தின் பேரிலேயே, விடச் சொன்னார்.

நாளை காலை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். அல்லது 15100 என்ற எண்ணை அழையுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. வழக்கு எண், ஜாமீன் உத்தரவின் நகல், எந்தச் சிறை என்ற விவரம் கையில் இருக்கட்டும்.

உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31 அன்று சொன்னதை வழக்கறிஞரிடம் எடுத்துக் காட்டுங்கள். ஜாமீன் கிடைத்து 7 நாளில் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் ஆணைக்குழுச் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் பிணை கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே எடுத்துப் பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று வற்புறுத்துவதால் தாமதமாகிறது என்றால் அந்த நிபந்தனையை விதிக்காமல் இருக்கலாம். வெளியே வந்து ஆள் தேட அவகாசம் கேட்டால் தற்காலிக ஜாமீனும் பரிசீலிக்கலாம். உங்கள் ஆளுக்கு 40 நாள் ஆகிவிட்டது. நிபந்தனையைத் தளர்த்தக் கோரி மனுப் போட இதுவே போதுமான காரணம்.

நடைமுறையில் எங்கே சிக்குகிறது என்றால், பல உத்தரவுகளில் ‘ஒருவர் ரத்த உறவு’ என்ற வரி இருக்கும். பிழைப்புக்காக வேறு மாவட்டத்திலிருந்து வந்தவருக்கு உறவு இங்கே இருக்காது. வருகிறவரிடமும் ஆதார் முகவரி ஒன்றும் குடும்ப அட்டை முகவரி வேறொன்றுமாக இருந்து திருப்பி அனுப்புவார்கள். மனுவில் இதை ஒவ்வொன்றாக எழுதி, சொந்தப் பிணையில் விடக் கேட்க வேண்டும். ‘ஏழை’ என்று மட்டும் எழுதினால் எடுபடாது. தினக்கூலி எவ்வளவு, வாடகை எவ்வளவு, வீட்டில் எத்தனை பேர் என்று எழுதுங்கள். தொகை கட்டத்தான் பணமில்லை என்றால், ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசின் திட்டத்தில் விசாரணைக் கைதிக்கு உதவி கிடைக்கும்; 2023இல் அதன் வரம்பு 40,000 ரூபாயாக இருந்தது. போதைப்பொருள், ஊழல், சட்டவிரோதப் பணப் பரிமாற்றம், உபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம்) வழக்குகளுக்கு அது இல்லை. ஆணைக்குழு வழியாகவே இதையும் கேட்கலாம்.

ஜாமீனே கிடைக்காதவர்களுக்கு இன்னும் இரண்டு வழிகள் உண்டு. பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 479ஆம் பிரிவின்படி, முன்பு எதிலும் தண்டனை பெறாதவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் காலத்திலேயே கழித்துவிட்டால் விடுவிக்க வேண்டும்; மற்றவர்களுக்குப் பாதி. பி.என்.எஸ். என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் வெறும் திருட்டுப் பிரிவு 303(2) மட்டும் என்றால் அதிகபட்சம் 3 ஆண்டு, அதாவது முதல்முறைக்காரருக்கு ஓராண்டு. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும், வேறு வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் பொருந்தாது.

இன்னொன்று, குற்றப்பத்திரிகைக் கெடு. இத்தகைய வழக்கில் 60 நாளுக்குள், 10 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள வழக்கில் 90 நாளுக்குள் தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை. முதல் ரிமாண்ட் நாளையும் சேர்த்து எண்ண வேண்டும். யாரும் தானாகக் கொடுக்கமாட்டார்கள். கெடு முடிந்தபின் நீங்கள் மனுப் போடுவதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். அதனால் 61ஆம் நாள் காலை நீதிமன்றம் திறக்கும்போதே மனு உள்ளே இருக்க வேண்டும். கொடுத்த நேரத்தையும் அதில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.